தறி நின்ற இடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பட்டறை லீவு. லேத் மேலே சாக்கைப் போர்த்திவிட்டு ஜாப் ஒர்க் பில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மூலையில் கிடக்கும் பழைய ஸ்பீக்கரில் ருத்ரா ஓடிக்கொண்டிருந்தது. தறிக்கு ஷாஃப்ட் கடையக் கொடுத்திருந்த சோமனூர் அண்ணன், நாலு மணிக்கு வருகிறேன் என்றவர், இரண்டரைக்கே வந்து நின்றார். பாட்டை நிறுத்தப் போனேன்.

“இருக்கட்டும் விடுங்க தம்பி” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கூச்சம். எங்கள் வீட்டில் இந்த வகைச் சங்கீதத்துக்கு ‘மிக்ஸிப் பாட்டு’ என்று பேர். வெளியாள் முன்னால் போடுவதில்லை. அண்ணனோ கண்ணை லேசாக மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் போயிருக்கும். “தறி நல்லாத்தானுங்க ஓடுது” என்றார். டிரம்மர் இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை உதைத்துக்கொண்டே இருப்பாரே, அதைச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றன. ஒரு மூச்சு விடும் இடைவெளி. பிறகு பாதி வேகத்தில், இரண்டு மடங்கு கனத்தில் மறுபடி இறங்கின. அண்ணன் கண்ணைத் திறந்தார்.

“இங்க நூல் அந்து போச்சு.”

இருபது வருஷமாக மெட்டல் கேட்கிறேன். ‘பிரேக்டவுன்’ என்று அவர்கள் சொல்லும் சமாச்சாரத்துக்கு இப்படி ஒரு விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ஊடுநூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அந்த நிசப்தம்தான் தறிக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பும், சத்தம் அல்ல. நாற்பது வருஷம் தறி ஓட்டிய காது அது. பாட்டின் எலும்பை முதல் கேட்டலிலேயே தொட்டுவிட்டது. நான் பல வருஷம் ‘என்னமோ நல்லாருக்கு’ என்று மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்த இடம்.

யார் இந்த ருத்ரா என்று இந்தப் பதிவில் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது.

எங்கள் பட்டறை கோயமுத்தூர் உக்கடத்தில். 2024 ஆகஸ்டில் திறந்த மேம்பாலம் தலைக்கு மேலே ஆத்துப்பாலம் பக்கம் போகிறது. கீழே பொள்ளாச்சி பஸ்ஸின் ஏர் ஹாரன், பழைய இரும்புக் கடையில் தகடு நசுக்கும் சத்தம், கிரைண்டிங் வீல் கீச்சு. பெரியகுளத்துக் கரையை அழகாக்கிவிட்டார்கள், போய் உட்கார்ந்தால் காற்று நன்றாக வருகிறது. ஆனால் அமைதி வேண்டும் என்று உக்கடத்துக்கு யாரும் வருவதில்லை.

2005 வாக்கில் கல்லூரி நண்பன் ஒருவன் எம்.பி.3 சி.டி. ஒன்று கொடுத்தான். மார்க்கர் பேனாவில் ஸ்லேயர், செபுல்டுரா, டெத் என்று எழுதியிருந்தது. கடைசி ஃபோல்டரில் ருத்ரா. பேரைப் பார்த்து ஏதோ பக்திப் பாடல் தவறி விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். மந்திரம் ஒன்று ஆரம்பித்தது. சரிதான் என்று மாற்றப் போன நேரத்தில் கிட்டார் வந்து விழுந்தது பாருங்கள், ஹெட்போனைக் கழற்றிவிட்டு பிரவுசிங் சென்டரில் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

வடநாட்டு பேண்டாக இருக்கும் என்று தேடினால் சிங்கப்பூர். சிங்கப்பூரில் யார் என்று பார்த்தால் நம்ம ஆட்கள். 1992-இல் ஆரம்பித்த பேண்ட். பாடுவதும் பேஸ் கிட்டார் வாசிப்பதும் கதிர், டிரம்ஸ் சிவா. இடையில் கலைந்து மறுபடி கூடி, 1998-இல் தங்கள் பேரிலேயே முதல் ஆல்பம். பிறகு 2001, 2003 என்று வரிசையாக. 2005, 2009, 2011-இல் ‘பிரம்மவித்யா’ என்று வேதாந்தத்தை வைத்து மூன்று ஆல்பம். 2022-இல் ‘எயிட் மகாவித்யாஸ்’. டெத் மெட்டலோடு சமஸ்கிருத மந்திரத்தையும் நம் ராகங்களையும் சேர்த்த தங்கள் இசைக்கு அவர்களே வைத்துக்கொண்ட பேர் ‘வேதிக் மெட்டல்’. கதிர் வேதாந்தம் படித்தவர், மைண்ட்ஃபுல்னஸ் தியானம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். மேடையில் அவர் உறுமுவதைக் கேட்டுவிட்டு இதை நம்புவது கஷ்டம்.

கலப்பிசை என்றால் எனக்கு ஒரு சந்தேகப் புத்தி உண்டு. பட்டறைக்காரன் புத்தி. காஸ்ட் அயர்ன் துண்டை அப்படியே வெல்டிங் வைத்தால் அப்போதைக்கு ஒட்டிக்கொள்ளும். பார்க்கவும் லட்சணமாக இருக்கும். சூடு ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், விரிசல். முன்னாலேயே சூடேற்றி, சரியான ராடு போட்டு, மெதுவாக ஆற விட்டால்தான் நிற்கும். நம் ஊர் ஃப்யூஷன் கச்சேரிகள் பலவற்றில் அந்த ‘டிக்’ எனக்குக் கேட்கும். டிரம்ஸ் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், நடுவில் கிட்டார், கடைசியில் தனி ஆவர்த்தனம் மாதிரி மூவரும் மாறி மாறி வாசித்துவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொள்வார்கள். ருத்ராவில் எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஏன் என்று பல வருஷம் யோசித்து, பாட்டு வாத்தியார் ஒருவரைத் தொந்தரவு செய்து, ஒரு விடைக்கு வந்திருக்கிறேன்.

கிட்டாரில் சாதாரண கார்டு என்றால் மூன்று சுரம்: ச, க, ப. நடுவில் நிற்கும் காந்தாரம்தான் அது மேஜரா மைனரா என்று முடிவு செய்கிறது. டிஸ்டார்ஷனைக் கூட்டிவிட்டு மூன்றையும் சேர்த்துத் தட்டினால் சேறாகக் குழம்பும். அதனால் மெட்டல்காரர்கள் காந்தாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு சவையும் பவையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். பவர் கார்டு என்பது அதுதான். ச, ப மட்டும் இடைவிடாமல் இரைந்துகொண்டிருக்கும் வாத்தியத்துக்கு நம்மிடம் என்ன பேர்? தம்பூரா. ஒரு ராகத்தைப் பியானோவின் முழுக் கார்டுகள் மேல் உட்கார வைத்தால், ஒவ்வொரு கார்டும் ‘இந்தக் காந்தாரம்தான் பாடணும்’ என்று அதட்டும். பவர் கார்டு வாயே திறக்காது. நீ தோடி பாடு, மாயாமாளவகௌளை பாடு, எனக்கென்ன என்று கீழே ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும். தம்பூரா நகராது, ரிஃப் நகருமே என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம். வாங்க. அடித் தந்தியை உள்ளங்கையால் அமுக்கி ஒரே சுரத்தில் தட்டிக்கொண்டே மேலே மற்ற சுரங்களைப் பின்னுகிற ரிஃப் மெட்டலில் எத்தனை இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தால் பேசலாம்.

இன்னொன்று. பாட்டு டீச்சர் முதல் நாள் சொல்லித்தரும் சரளி வரிசை மாயாமாளவகௌளையில்தானே? மேற்கே அந்த ஸ்கேலுக்கு டபுள் ஹார்மானிக் என்று பேர். ஃபிரிஜியன் டாமினன்ட் என்று மெட்டல் கிட்டாரிஸ்டுகள் உயிரை விடுகிற இன்னொரு ஸ்கேல் நம்முடைய வகுளாபரணம். 1970 பிப்ரவரியில் வந்த பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம், முதல் பாட்டு, முதல் ரிஃப்: ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். அந்த மத்தியமத்துக்குத்தான் ஐரோப்பாவில் சாத்தானின் சுரம் என்று பேர் வைத்தார்கள். நமக்குக் கல்யாணியில் தினமும் வருகிற ஆள்.

மந்திரத்துக்கு வருகிறேன். வேத மந்திரம் உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று மூன்று நிலைக்குள் நின்றுவிடுகிறது. டெத் மெட்டல் உறுமலுக்கோ சுருதியே கிடையாது, தாளம் மட்டும்தான். இரண்டும் மோதிக்கொள்ள இடமே இல்லை. கீழே தம்பூராவின் முரட்டுத் தம்பி. ருத்ரா செய்தது வெல்டிங் இல்லை, ஒரே உலையில் உருக்கியது. இது என் தீர்ப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

உலை என்றதும் ஒரு கிளைக்கதை. பிளாக் சாபத் பிறந்த பர்மிங்ஹாம் நம்ம கோயமுத்தூர் மாதிரி பட்டறை ஊர். கிட்டாரிஸ்ட் டோனி அயோமி தகடு அடிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1965-இல், 17 வயதில், வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளில், பிரஸ் மெஷின் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. அவர் இடக்கைக்காரர், தந்தியை அமுக்கும் கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்தி போட்டார், பின்னால் சுருதியையும் இறக்கினார். உலகம் ஹெவி மெட்டல் என்று கொண்டாடுகிற அந்தக் கனத்த சத்தத்தில் ஒரு பங்கு அந்த பிரஸ் மெஷினுக்கு. பிரஸ் ஷாப்பில் விரல் போனவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவர்களில் யார் கையிலும் கிட்டார் இல்லை, அவ்வளவுதான். 2025 ஜூலை 5 அன்று சாபத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் அதே ஊர் வில்லா பார்க்கில் கடைசியாகப் பாடினார். பதினேழாம் நாள் இறந்துபோனார். அன்று இரவு பட்டறையில் சாபத் மட்டும்தான் போட்டேன்.

சரி, ருத்ரா மேல் எனக்குள்ள வருத்தங்களையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது ஆல்பத்தின் தலைப்பு ‘தி ஆரியன் குருசேட்’. ‘ஆர்ய’ என்றால் மேன்மையானவன் என்று சமஸ்கிருத அர்த்தம், அதுதான் அவர்கள் மனதில் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சொல் ஐரோப்பாவில் ஒரு மாதிரி கேட்கும், தமிழ்நாட்டில் வேறு மாதிரி கேட்கும். ஈரோட்டுப் பெரியவர் பிறந்த மண்டலத்துக்காரன் நான். அந்த அட்டையைப் பார்த்துக் கொஞ்சம் நெளிந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. சிங்கப்பூரில் சிறுபான்மையாக வளர்ந்த தமிழ்ப் பையன்களுக்குத் தங்கள் வேரைத் தேடும்போது கைக்குக் கிடைத்தது அது. அங்கே அதன் எடை வேறு. யூஜின் டைரியநாதன் என்ற இசை ஆய்வாளர் 2009-இல் ருத்ராவையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தையும் வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார், அடையாளச் சிக்கல்தான் அதன் மையம்.

இரண்டாவது வருத்தம், தமிழ். அவர்கள் பாடுவது பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும். அடப்பாவிகளா, கலிங்கத்துப்பரணி என்று ஒரு புத்தகம் எண்ணூறு வருஷத்துக்கு மேலாக நம் அலமாரியில் கிடக்கிறதே! காளி, அவளைச் சுற்றிப் பசித்த பேய்கள், போர்க்களத்தில் பிணங்களை வைத்துக் கூழ் சமைக்கும் பகுதி. டெத் மெட்டல்காரன் கனவில்கூட எழுத முடியாததை ஜெயங்கொண்டார் சந்தம் போட்டே எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். டிரம்மருக்கு வேலையே மிச்சம்.

ஆதரவாளர்களைச் சேர்த்த விதத்தில்தான் எனக்கு ருத்ரா மேல் பெரிய மரியாதை. முப்பது வருஷத்துக்கு மேல், சினிமா கிடையாது, டி.வி. கிடையாது. ஆல்பம் போட்டார்கள், கேட்க வேண்டியவன் தேடி வரட்டும் என்று அடுத்த ஆல்பத்துக்குப் போனார்கள். உக்கடத்து பிரவுசிங் சென்டரில் ஒருத்தன் தேடி வந்தான்.

இதற்கு நேர் எதிர் வழி டெல்லியின் பிளட்டிவுட். 2016-இல் கரண் கட்டியார், ஜெயந்த் படுலா இருவரும் யூடியூபில் பாப் பாட்டுகளை மெட்டலாக்கிக் கிண்டல் செய்து ஆரம்பித்தது. கரண் வக்கீல் வேலையை விட்டு வந்தவர். ராவுல் கெர் ராப் பாட வந்து சேர்ந்தார். டோல் சேர்ந்தது, பஞ்சாபியும் இந்தியும் ஆங்கிலமும் சேர்ந்தன. சொந்தப் பாட்டுகளில் ஓர் ஆல்பம்கூட வெளிவராத நிலையில் 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்தார்கள். 2022-இல் ‘ரக்ஷக்’ ஆல்பத்தைக் கம்பெனி எதுவும் இல்லாமல் தாங்களே வெளியிட்டார்கள். 2025-இல் ‘நு டெல்லி’ வந்தபோதுதான் ஒரு அமெரிக்கக் கம்பெனி பின்னால் நின்றது. முதலில் சிரிக்க வைத்துக் கூட்டம் சேர்த்து, பிறகு மன அழுத்தம், பாலியல் வன்முறை, மத அரசியல் என்று பாடினார்கள். கெட்டிக்காரத்தனம். டோல் சில இடங்களில் மேலே தூவிய கொத்தமல்லியாகத் தெரியும். ஆனாலும் குதிக்காமல் கேட்க முடியாது. நான் முயன்றேன்.

நம் பக்கம் என்ன நடந்தது? ஐயன் மெய்டன் 2007 மார்ச் 17 பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது ஐலண்ட் எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டு போனேன். ஓபெத் 2009 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி. சாரங் விழாவுக்கு வந்தபோது சேரன் எக்ஸ்பிரஸ். கறுப்பு டி-ஷர்ட் போட்ட அவ்வளவு தமிழ்ப் பையன்களை ஒரே இடத்தில் அன்றுதான் பார்த்தேன். இத்தனை பேர் எங்கேயடா இருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. அவரவர் வீட்டு மிக்ஸிக்குப் பின்னால்தான். கர்நாடக இசையும் ராக்கும் கலந்த பெங்களூரு ‘அகம்’ முதலில் வெளிச்சத்துக்கு வந்தது 2007-இல் சன் டி.வி.யின் ‘ஊ லலல்லா’ போட்டியில் ஜெயித்துத்தான். அப்புறமும் நம் சேனல்களுக்கு இசை என்றால் சினிமாப் பாட்டு, போட்டி என்றால் சினிமாப் பாட்டைத் திரும்பப் பாடுவது. சினிமா மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் ராஜா கேட்டு வளர்ந்தவன்தான். ஒரே குழாயில்தான் தண்ணீர் வரும் என்றால் மோட்டார் ஊர்க்காரனுக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் உள்ளூர்க் கல்லூரி ஒன்றின் விழாவில் ஒரு மெட்டல் பேண்டைப் பார்த்தேன். நான்கு பையன்கள். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் முதல் கிட்டார் அடி விழுந்ததும் ஓடி வந்து, “தம்பி, வயர் லூசுங்களா, கரகரங்குது” என்று ஜாக்கைப் பிடுங்கிவிட்டார். அதை விடுங்கள். கடைசிப் பாட்டுக்கு ஒரு பையன் தன் பெரியப்பாவை மேடை ஏற்றினான். பேரூர்ப் பக்கம் ஜமாப் செட் வைத்திருப்பவர். கையில் துடும்பு. மாசித் தேருக்கு நெஞ்சில் வந்து இடிக்குமே, அந்தத் துடும்பு. அதற்கு மைக் இல்லை என்று சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கையை விரித்தார். மைக் எதற்கு? முதல் அடியிலேயே டிரம் கிட் இருந்த இடம் தெரியவில்லை.

ஒரு நிமிஷம் மயிர்க்கூச்செறிந்தது எனக்கு. இரண்டாம் நிமிஷம் ‘டிக்’. டிரம்மர் பையன் காதில் கிளிக் டிராக் மாட்டியிருந்தான், மெட்ரோனோம் சொன்ன வேகத்தில் அணு பிசகாமல் போய்க்கொண்டிருந்தான். பெரியப்பாவுக்குக் கிளிக் ஏது? கூட்டம் ஆட ஆட அவர் வேகம் ஏறும். அதுதான் துடும்பின் இலக்கணம், சாமி வர வரக் கை ஏறும். அரை நிமிஷத்தில் ஆளுக்கொரு திசை. பையன்கள் முகம் தொங்கிப்போனது. பெரியப்பா மட்டும் சந்தோஷமாக வாசித்து முடித்தார்.

இறங்கி வந்தவர்களிடம் சொன்னேன்: “கிளிக்கைக் கழட்டிப் போட்டுட்டு, பெரியப்பா பின்னால போங்கடா.”

“பிராக்டிஸ் பண்ண இடமில்லைங்ண்ணா” என்றான் டிரம்மர். “மணிக்கு ரூம் வாடகை கட்டுப்படியாகல. வீட்டுல வாசிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க போலீசுக்குப் போன் பண்றாங்க. துடும்ப எடுத்துட்டுப் போனா ரூம்காரரே உள்ள விடமாட்டேங்கறாரு.”

அப்போது எனக்கு உறைக்கவில்லை. போன மாதம் சோமனூர் அண்ணன் ஷாஃப்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, “இந்தச் சத்தத்துக்கு நம்ம தறிக் குடோன் நல்லா ஒத்து வரும் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து இது மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பையன்கள் படிப்பை முடித்து இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இந்தப் பதிவு அவர்கள் கண்ணிலோ, அவர்களைப் போன்ற வேறு யார் கண்ணிலோ படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. காலை பத்திலிருந்து சாயந்திரம் ஆறு வரை இடம் சும்மாதான் கிடக்கிறது. மூன்று ஃபேஸ் கரண்ட் இருக்கிறது, எர்த் பக்காவாக இருக்கிறது. வாடகை வேண்டாம். உக்கடத்தில் சத்தத்துக்காக யாரும் போலீசுக்குப் போன் பண்ண மாட்டார்கள். டிரம் கிட் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். மாடியில் வாசிக்கலாம், ஆனால் படி குறுகல், துடும்பு ஏறாது, அதைக் கீழே லேத் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.